ஆறு தடம் மாறுவதைப் படிக்கத் தொடங்குவது எப்படி? கோசியை வைத்து ஒரு பயிற்சி

ஆற்றுப் புவிவடிவியல் என்ற பெயரைக் கேட்டாலே பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். விஷயம் அவ்வளவு பயப்படும்படி இல்லை. ஆறு எங்கே மண்ணை அறுக்கிறது, எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது, அதனால் நிலம் என்ன வடிவம் எடுக்கிறது என்று பார்க்கும் துறை இது. நுழைவதற்கு ஆய்வகம் தேவையில்லை. சுமாரான ஒரு மடிக்கணினியும் இணையமும் வெயிலில் நடக்கத் தெம்பும் இருந்தால் போதும்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் செய்வது, பாடநூலைத் திறந்து ஆற்றின் இளமை, முதிர்ச்சி, முதுமை என்று மனப்பாடம் செய்வது. வில்லியம் மோரிஸ் டேவிஸ் 1899ல் எழுதிய கட்டுரை வழியாகப் பரவிய வகைப்பாடு அது. நம் பள்ளிப் புத்தகங்கள் இன்னும் அதை விடவில்லை, ஆய்வுலகம் எப்போதோ அதைத் தாண்டிவிட்டது. இப்போது கேள்வியே வேறு. தண்ணீர் எவ்வளவு வந்தது என்பதோடு நிற்காமல், மணலும் வண்டலும் எங்கே தங்கின, யார் தடுத்தது, தடுத்ததால் ஆறு என்ன செய்தது என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு சம்பவத்தை முழுதாகப் படித்துப் பாருங்கள். துறையின் இன்றைய போக்குகள் பாதிக்கு மேல் தானாகவே அறிமுகமாகிவிடும். இந்தக் கட்டுரையில் அதற்கு கோசி ஆற்றை எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: சம்பவத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

2008 ஆகஸ்ட் 18 அன்று, நேபாளத்தின் குசஹா என்ற ஊருக்கு அருகில், கோசி தடுப்பணைக்குச் சில கிலோமீட்டர் மேலே, ஆற்றின் கிழக்குக் கரை உடைந்தது. ஆறு பழைய தடத்தை விட்டு விலகி, எப்போதோ தான் கைவிட்ட வேறு தடங்களைப் பிடித்துக்கொண்டு தெற்கே பாய்ந்தது. பீகாரில் சுபௌல், மதேபுரா, அராரியா, பூர்ணியா மாவட்டங்கள் மூழ்கின. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் பாதிக்கப்பட்டார்கள்.

வரலாறு காணாத வெள்ளம் போலிருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அன்று ஆற்றில் ஓடியது வினாடிக்குச் சுமார் 1.44 லட்சம் கன அடி. கோசித் திட்டத்தின் வடிவமைப்புக் கணக்கு 9.5 லட்சம் கன அடி. அதாவது தாங்க வேண்டிய தண்ணீரில் ஆறில் ஒரு பங்குகூட வரவில்லை, கரை போய்விட்டது. பராமரிப்பில் குறை இருந்தது என்பது ஒரு பக்கம். கரை ஏன் அவ்வளவு நெருக்கடியில் நின்றது என்பதுதான் நம் துறைக்கான கேள்வி.

அதற்குப் பதில் வண்டலில் இருக்கிறது. சுன் கோசி, அருண், தமோர் மூன்றும் நேபாள மலைகளில் ஒன்றுசேர்ந்து, சத்ரா என்ற இடத்தில் சமவெளியில் இறங்குகின்றன. ஆண்டுக்குப் பத்துக் கோடி டன் அளவில் மண்ணும் மணலும் வருகிறது. மலையை விட்டு இறங்கியதும் சரிவு சட்டென்று குறைகிறது, ஆற்றால் சுமக்க முடிவதில்லை, அங்கேயே இறக்கிவைக்கிறது. ஒரு தடம் மேடாகிப்போனால் பக்கத்தில் பள்ளமான இடத்துக்கு மாறுகிறது. இப்படி மாறி மாறிப் பரப்பியதில் உருவானதுதான் கோசியின் மாபெரும் வண்டல் விசிறி. நீளம் சுமார் 180 கிலோமீட்டர், அகலம் சுமார் 150.

1954ல் இந்தியாவும் நேபாளமும் ஒப்பந்தம் போட்டு, ஆற்றின் இரு பக்கமும் கரை எழுப்பின. அதுவரை விசிறி முழுவதும் பரவிய வண்டல் இரண்டு கரைகளுக்கு நடுவே அடைபட்டது. ஐம்பது ஆண்டுகளில் ஆற்றின் படுகை வெளியே இருக்கும் வயல்களைவிட மேடாகிவிட்டது. அந்த நிலையில் சாதாரண வெள்ளமே போதுமானதாக இருந்தது.

இரண்டாம் படி: படங்களை எடுங்கள்

லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் பூமியைப் படம் எடுத்துவருகின்றன. 2008 முதல் அந்தப் படங்கள் இலவசம். இந்தத் துறை இன்று இருக்கும் வேகத்துக்கு, என் கணிப்பில், எந்தப் புதுக் கோட்பாட்டையும்விட அந்த ஒரு முடிவுதான் பெரிய காரணம். அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் எர்த் எக்ஸ்புளோரர் தளத்தில் கணக்குத் தொடங்கினால் தரவிறக்கலாம். தரவிறக்க வேண்டாம், இணையத்திலேயே கணக்குப் போட வேண்டும் என்றால் கூகுள் எர்த் எஞ்சின் இருக்கிறது. கொஞ்சம் நிரல் எழுதத் தெரிய வேண்டும், தெரியாவிட்டாலும் அங்கிருக்கும் மாதிரிகளை வெட்டி ஒட்டிப் பழகலாம். படங்களைத் திறக்க, கோடு வரைய, அளக்க க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும்.

கோசிக்கு மூன்று படங்கள் தேடுங்கள். உடைப்புக்கு முந்தைய கோடையில் ஒன்று, 2008 அக்டோபர் அல்லது நவம்பரில் ஒன்று, 2009 கோடையில் ஒன்று. உடைப்பு அடைக்கப்பட்டு ஆறு 2009 தொடக்கத்தில் மறுபடி பழைய தடத்துக்குத் திருப்பப்பட்டது, அதனால்தான் மூன்றாவது. லேண்ட்சாட் 5 படங்களை எடுங்கள். லேண்ட்சாட் 7ல் 2003 மே மாதக் கடைசியில் ஒரு பாகம் பழுதானது, அதற்குப் பிந்தைய அதன் படங்களில் ஓரங்களில் கறுப்புப் பட்டைகள் வரும். புதியவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கோப்பு கெட்டுவிட்டது என்று திரும்பத் திரும்பத் தரவிறக்குவார்கள்.

இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிக் குசஹா பக்கம் போங்கள். கிழக்குக் கரையில் இடைவெளி. அங்கிருந்து தெற்கே, பயிர்க் கட்டங்களுக்குக் குறுக்கே, எந்த வரப்பையும் மதிக்காமல் ஒரு வெளிர் பட்டை போகிறது. மூன்றாவது படத்தில் தண்ணீர் போய்விட்டது, வெளிர் பட்டை மட்டும் நிற்கிறது. வயல்மேல் படிந்த மணல் அது. தண்ணீர் வடிந்தாலும் நிலம் விவசாயிக்குத் திரும்பவில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எந்த அறிக்கையும் காட்டாது.

ஒரு எச்சரிக்கை. மே மாதப் படத்தையும் அக்டோபர் படத்தையும் பக்கத்தில் வைத்து 'ஆறு அகலமாகிவிட்டது' என்று எழுதிவிடாதீர்கள். அது பருவ வித்தியாசம். ஆண்டுகளை ஒப்பிடும்போது மாதம் ஒன்றாக இருக்கட்டும். முடிந்தால் நீர்மட்டமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கட்டும்.

மழைக்காலத்தில் மேகம் மறைக்கும். 2014க்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல் 1ன் ரேடார் படங்கள் இருக்கின்றன, மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இஸ்ரோ, நாசா கூட்டுச் செயற்கைக்கோளான நிசாரும் ரேடார் வகைதான். ஆற்றின் நீர்மட்டத்தையே மேலிருந்து அளக்கும் ஸ்வாட் 2022 டிசம்பரில் போனது. 100 மீட்டருக்கு மேல் அகலமான ஆறுகள் அதன் இலக்கு. ஆய்வுப் போக்கு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க ஆசைப்படுபவர்கள் ஸ்வாட் தரவை வைத்து வரும் கட்டுரைகளைக் கவனியுங்கள்.

மூன்றாம் படி: அளந்து பாருங்கள்

படம் பார்ப்பது வேறு, ஆய்வு வேறு. எண் வேண்டும். முதலில் தண்ணீரைப் பிரித்தெடுக்க வேண்டும். தண்ணீர் பச்சை ஒளியை ஓரளவு திருப்பி அனுப்பும், குறுஅலை அகச்சிவப்பை விழுங்கிவிடும். ஆகவே பச்சையிலிருந்து அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் தண்ணீர் உள்ள இடங்கள் பளிச்சென்று தனியே நிற்கும். லேண்ட்சாட் ஒவ்வொரு வகை ஒளியையும் தனிப் பட்டையாகப் பதிவுசெய்கிறது, லேண்ட்சாட் 5ல் இவை 2, 5 எண்ணுள்ள பட்டைகள். லேண்ட்சாட் 8ல் 3, 6.

அப்புறம் கரைக்கோடு. பத்து ஆண்டு இடைவெளியில் இரண்டு படங்கள் எடுத்து, ஒரே கரையை இரண்டிலும் வரையுங்கள். இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள பரப்பை ஆற்றின் நீளத்தால் வகுத்தால் சராசரி நகர்வு கிடைக்கும். 12 கிலோமீட்டர் நீளத்தில் 1.8 சதுர கிலோமீட்டர் அறுபட்டிருந்தால் சராசரி 150 மீட்டர், ஆண்டுக்கு 15 மீட்டர். பார்க்கச் சின்னக் கணக்கு, ஆனால் பெரிய ஆய்வுகளின் அடிப்படையும் இதுவே. அவர்கள் அதை ஆயிரக்கணக்கான வளைவுகளுக்கு நிரல் எழுதிச் செய்கிறார்கள்.

லேண்ட்சாட்டின் ஒரு புள்ளி 30 மீட்டர். ஆண்டுக்கு 2 மீட்டர் அறுக்கும் ஆற்றை இரண்டு ஆண்டுப் படத்தை வைத்து அளந்தால் வருவது பிழைதான், நகர்வு இல்லை. சென்டினல் 2ல் 10 மீட்டர், கொஞ்சம் தேவலை.

நான்காம் படி: மேடு பள்ளம்

இதுதான் கோசியின் மையக் கேள்வி, புதியவர்கள் சறுக்குவதும் இங்கேதான். விண்ணோடத்திலிருந்து 2000 பிப்ரவரியில் எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. 2008 உடைப்புக்கு முந்தையது என்பதால் நமக்குப் பொருத்தம். ஆற்றுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு உயரத்தை வரைந்தால் படுகை மேடாக இருப்பது தெரிய வேண்டும். ஆனால் அந்தத் தரவில் பல மீட்டர் பிழை உண்டு, மரத்தின் தலையையும் நிலம் என்றே கணக்கு வைத்திருக்கும். நாம் தேடும் வித்தியாசமும் சில மீட்டர்தான். ஆகவே ஒரு கோட்டை நம்பாதீர்கள். அருகருகே நிறையக் கோடுகள் போட்டு, இடைநிலை மதிப்பை எடுங்கள். பிறகு கோப்பர்நிக்கஸ் உயரத் தரவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எதை அளப்பது? இரண்டு விஷயம். ஆறு சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது என்பது ஒன்று. ஆற்றை விட்டு வெளியே போகும் சரிவு, ஆற்றின் சொந்தச் சரிவைவிட எத்தனை மடங்கு செங்குத்து என்பது இன்னொன்று. நீண்ட காலம் இரண்டையும் தனித்தனிக் காரணங்களாகப் பேசிவந்தார்கள். 2024ல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்று காட்டியது. கடலோரத்தில் வெளிச்சரிவுதான் முடிவு செய்கிறது. மலையடிவார விசிறிகளில் எந்தப் பக்கம் போனாலும் சரிவு ஏறத்தாழ ஒன்று என்பதால், ஆறு மேடேறி நிற்பதே காரணமாகிறது. கோசி எந்த வகை என்று இப்போது நீங்களே சொல்லலாம்.

ஐந்தாம் படி: பழைய வரைபடங்களைச் சந்தேகத்தோடு படியுங்கள்

கோசி இருநூறு ஆண்டுகளில் சுமார் 120 கிலோமீட்டர் மேற்கே நகர்ந்தது என்ற வரி எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். 18ஆம் நூற்றாண்டில் பூர்ணியா பக்கம் ஓடிய ஆறு, படிப்படியாக மேற்கே போனதாக அழகான அம்புக்குறிப் படமும் இருக்கும். 2010ல் வெளியான ஓர் ஆய்வு பழைய வரைபடங்களை வரிசையாக வைத்துப் பார்த்து, ஆறு ஒரே திசையில் போகவில்லை, விசிறிக்குள் அங்கும் இங்குமாக ஊசலாடியது என்று வாதிட்டது. ஆறு 'மேற்கே போகும் குணம் உள்ளது' என்று நம்பினால் கிழக்குக் கரையைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். 2008ல் உடைந்தது கிழக்கு.

வரைபடம் இல்லாத காலத்துக்கு மணலே சாட்சி. மணல் துகள் கடைசியாக வெயில் பட்டது எப்போது என்பதை ஆய்வகத்தில் ஒளியைத் தூண்டி அளக்கும் முறை ஒன்று உண்டு. அதை வைத்து 2017ல் வந்த கக்கர் நதி ஆய்வு எனக்குப் பிடித்தமானது. ஹரப்பா நாகரிகக் குடியிருப்புகள் நெருக்கமாக உள்ள அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பெரிய இமய ஆறு ஓடியிருக்க வேண்டும், அது வற்றியதால் நகரங்கள் அழிந்தன என்று பலர் சொல்லிவந்தார்கள். மணலை அளந்தால், சட்லெஜ் அந்தத் தடத்தை விட்டுப் போனது சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன். நகரங்கள் எழுந்தது அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்து. பெரிய ஆறு கைவிட்ட பள்ளத்தாக்கைத் தேடி மக்கள் போயிருக்கிறார்கள், அங்கே திடீர் வெள்ள பயம் இல்லை.

ஆறாம் படி: களத்தில் இறங்குங்கள்

களப் பயிற்சிக்கு பீகார் வரை போக வேண்டியதில்லை. திருச்சிக்கு மேற்கே முக்கொம்புக்குப் போங்கள். அங்கே காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடத்துக்குச் சரிவு அதிகம். 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கொள்ளிடத்தின் படுகை ஆழமாகிக்கொண்டே போனது, காவிரியின் வாய் மணலால் மேடாகிக்கொண்டே வந்தது. விட்டிருந்தால் தஞ்சைக்குப் போகும் தண்ணீர் கொள்ளிடத்தோடு போயிருக்கும். இதைத் தடுக்கத்தான் 1836ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டினார். பாதியில் நிறுத்திவைக்கப்பட்ட ஒரு தடமாற்றம் அது. இதே போல மிசிசிப்பி ஆறு அட்சஃபலயா என்ற தன் கிளையாற்றுப் பக்கம் திரும்பிவிடாமல் இருக்க அமெரிக்கர்கள் ஓல்ட் ரிவரில் கட்டிய கட்டுமானம் 1963ல்தான் செயல்பாட்டுக்கு வந்தது. 2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டபோது டெல்டா பதறியதற்கு இந்தப் பின்னணியும் உண்டு.

மேட்டூர் வழக்கமாக ஜனவரி 28ல் மூடி ஜூன் 12ல் திறக்கும். ஆக பிப்ரவரி முதல் மே வரை களத்துக்கு நல்ல காலம். ஆனாலும் அன்றைய நீர் திறப்பு விவரத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள், தனியாகப் போகாதீர்கள். மணல் அள்ளிய குழிகள் மேலே தெளிந்த தண்ணீராக, முழங்கால் ஆழம் போலத் தோன்றும், உள்ளே ஆளையே முழுங்கும். ட்ரோன் எடுத்துப் போவதானால் முதலில் அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் அந்த இடம் எந்த ட்ரோன் மண்டலத்தில் வருகிறது என்று பாருங்கள்.

கரை அறுபட்டுச் சுவர் போல நிற்கும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கொத்தனார் கரண்டியால் மேல்பூச்சை மெல்லச் சீவிவிட்டால் அடுக்குகள் தெரியும். கீழே பருமணல், மேலே போகப் போக நைசு மணல், உச்சியில் விரல் தடிமனில் களிவண்டல், அதன் மேல் மறுபடி பருமணல். வெள்ளம் வேகமாக வரும்போது கனமானது தங்கும், வடியும்போது நுண்ணியது படியும். ஆக ஒரு தொகுப்பு பெரும்பாலும் ஒரு வெள்ளம். அடுக்குக்குள் பிஸ்கட் கவரோ பால் பாக்கெட்டோ சிக்கியிருந்தால் எடுத்துத் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். அந்த அடுக்கு அந்தத் தேதிக்குப் பிறகுதான் படிந்திருக்க முடியும். கேலியாகச் சொல்லவில்லை, குப்பையை வைத்து வண்டலுக்கு வயது சொல்லும் ஆய்வுகள் இப்போது ஏராளம்.

குறுக்குவெட்டு அளக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் பிளாஸ்டிக் டியூப், இரண்டு அளவுகோல் கம்பு, நீள டேப், உதவிக்கு ஓர் ஆள். இருபதடிக்கு ஒரு புள்ளி என்று எடுத்துப் போனால் அரை நாளில் ஒரு குறுக்குவெட்டு முடியும். கரையில் ஒரு நிலையான கல்லையோ பாலத் தூணையோ குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில் அளந்தால்தான் பயன். கூழாங்கல் ஆறு என்றால் கண்ணை மூடிக் கால் முனையில் படும் கல்லை எடுத்து அளப்பது, இப்படி நூறு கல். 1954ல் வோல்மன் சொன்ன முறை, இன்றும் உலகம் முழுக்க இதுதான்.

ஏழாம் படி: இனி ஆய்வுக் கட்டுரைகள்

இவ்வளவு செய்த பிறகு கட்டுரை படித்தால் மண்டையில் ஏறும். எர்த் சர்ஃபேஸ் டைனமிக்ஸ் இதழ் முழுவதும் இலவசம், அங்கே தொடங்குங்கள். முதலில் படங்களைப் பாருங்கள், பிறகு முறை, முன்னுரை கடைசியில்.

தடமாற்றத்துக்கு 2022ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வைத் தேடுங்கள். ஐம்பது ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களில் 113 தடமாற்றங்களைக் கண்டுபிடித்து, அவை விசிறிகளிலும் டெல்டாக்களிலும் எங்கே நிகழ்கின்றன என்று பிரித்துக் காட்டியது. அதே ஆண்டு அதே இதழில், ஆற்றுத் தண்ணீரின் நிறத்தை லேண்ட்சாட்டில் பார்த்தே வண்டலைக் கணக்கிட்ட ஆய்வு வந்தது. உலகின் வட பாதியில் உள்ள ஆறுகள் கடலுக்குக் கொண்டுபோகும் வண்டல் அணைகளால் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது என்பது அதன் முடிவு. டெல்டாக்காரர்கள் எல்லோரும் படிக்க வேண்டியது.

மனிதர் கைபடாத ஆறு எப்படி இருக்கும் என்ற நம்பிக்கையை உலுக்கியது 2008ல் வால்டர், மெரிட்ஸ் இருவரும் எழுதியது. அமெரிக்கக் கிழக்குப் பகுதியில் 'இயற்கையான' வளைந்தோடும் ஓடைகள் என்று நினைத்தவை, பழைய மாவு மில்களின் தடுப்பணைகளுக்குப் பின்னால் தேங்கிய வண்டலை அறுத்து உண்டானவை. அதற்கு முன் அங்கே இருந்தது பல சிறு வாய்க்கால்களாகப் பிரிந்த சதுப்பு. அந்த 'இயற்கை' வடிவத்தை மாதிரியாக வைத்து ஆறுகளை மீட்டெடுக்கக் கோடிகளைக் கொட்டியவர்களுக்கு இது கசந்தது.

அணையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பது இன்னொரு பெரிய கிளை. வாஷிங்டன் மாநிலத்தின் எல்வா ஆற்றில் 2011 முதல் 2014 வரை இரண்டு அணைகளை அகற்றினார்கள், முகத்துவாரத்தில் கடற்கரை கண்முன்னே வளர்ந்தது. கிளாமத் ஆற்றில் நான்கு அணைகள், வேலை 2024ல் முடிந்தது, தரவுகள் இப்போதுதான் வந்துகொண்டிருக்கின்றன.

செடிகொடிகளின் பங்கு பற்றி 2020ல் வந்ததும் நல்ல வாசிப்பு. தாவரம் இல்லாத ஆறுகளின் வளைவுகள், தாவரம் உள்ளவற்றைவிடப் பத்து மடங்கு வேகமாக நகர்கின்றன. செவ்வாய் கிரகத்தின் காய்ந்த ஆறுகளைப் படிப்பவர்களுக்கு இந்த எண் தேவை. இயந்திரக் கற்றல் கட்டுரைகள் குவிகின்றன, அவற்றில் பாதி ஒரே வேலையைச் சற்று வேகமாகச் செய்பவை. எந்த ஆற்றில் பயிற்சி கொடுத்தார்கள், எந்த ஆற்றில் சோதித்தார்கள் என்பதை மட்டும் பார்த்து மேலே போங்கள்.

கோசி முடிந்ததும் அடுத்த பயிற்சிக்குப் பெருவின் உகயாலி ஆற்றை எடுக்கலாம். வளைவுகள் துண்டிக்கப்பட்டு லாட ஏரிகளாவது சில ஆண்டுப் படங்களிலேயே தெரியும், கரைக்கோடு வரைந்து பழக நல்ல இடம். மேகம்தான் தொல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள படங்களாகத் தேடுங்கள்.